படும் ஒளியும் தெறிக்கும் ஒளியும்

வந்த புதிதில் எடுக்கப்பட்ட அடையாள அட்டைப் படங்களை எம்மிற் பலர் இன்னமும் எறியாமல் வைத்திருக்கிறோம். பதிவு அலுவலகமொன்றின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, மேசையிலிருந்த சிறிய கமராவால் ஒரே நிமிடத்தில் எடுத்து முடித்த படங்கள் அவை. எமது படத்தில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரி பூசிய வட்டமொன்று இருக்கிறது. கண் எது, மூக்கு எதுவென்று தேடவேண்டும். ஒருநாள் ரயிலில் அந்த அட்டையை வாங்கிய பரிசோதகர் அதையும் எம்மையும் மூன்று தடவை மாறிமாறிப் பார்த்தார். அவர் அட்டையைத் திருப்பித் தரும்வரை பெட்டியிலிருந்த எல்லோரும் எம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாம் கறுப்பு, ஆகவே படமும் கறுப்பு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். எமக்குள் சொல்லிச் சிரித்துமிருக்கிறோம். ஆனால் அந்தப் படத்தில் நாம் கவனிக்காத இன்னொன்று இருந்தது, பின்னாலிருந்த சுவர். நேரிற் பார்த்தபோது சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்த அந்தச் சுவர் படத்திற் சாம்பல் நிறமாக இருக்கிறது. சுவர் சாம்பலானதும் முகம் கரியானதும் ஒரே காரணத்தினால்தான். அந்தக் காரணத்தைத் தேடிப் போனால் ஒளியை அளக்கும் கருவியின் வரலாற்றுக்குள், ஏறத்தாழ நூற்றுமுப்பது வருடங்கள் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

ஒளியை அளப்பதற்குக் கண் உதவாது. முழுநிலவு நாளில் நிலத்தில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான். உச்சி வெயிலோ ஒரு இலட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். ஒரு மெழுகுதிரி ஒரு மீற்றர் தூரத்தில் தரும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். நிலவுக்கும் வெயிலுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நான்கு இலட்சம் மடங்கு. இரண்டிலும் நாம் பாதை தெரிந்து நடக்கிறோம். கண்மணி சுருங்கியும் விரிந்தும், விழித்திரை மெல்ல மெல்லப் பழகியும் அந்த வித்தியாசத்தை எம்மிடமிருந்து மறைத்துவிடுகின்றன. இருளிலிருந்து பிழைப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. படமெடுப்பவனுக்கோ இது பெரிய இடைஞ்சல். பிலிமுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம் என்ற கணக்கு ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

தொடக்ககாலப் படப்பிடிப்பாளர்கள் அனுபவத்தையும் அச்சடித்த அட்டவணைகளையுமே நம்பியிருந்தார்கள். இதைக் கணக்காக்க முனைந்தவர்கள், இங்கிலாந்தின் விட்னஸ் என்ற புகைமண்டிய தொழிற்சாலை நகரில் இரசாயன ஆலையொன்றில் வேலைசெய்த இருவர். பேர்டினண்ட் ஹேர்ட்டர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய இரசாயனவியலாளர். வீரோ சார்ள்ஸ் டிரிபீல்ட் பொறியியலாளர். படமெடுப்பது இருவருக்கும் வேலை முடிந்த பிறகான பொழுதுபோக்கு. 1888இல் இவர்கள் அக்ரினோகிராப் என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒரு சிறிய பெட்டி, உள்ளே சுழலும் உருளை, மேலே நகரும் அளவுகோல்கள். உருளையில் மாதமும் மணியும் வளைகோடுகளாக வரையப்பட்டிருக்கும். தட்டின் வேகம், வில்லையின் துவாரம், வானத்தின் நிலை என்பவற்றை அளவுகோல்களிற் பொருத்தினால் எத்தனை செக்கன் திறந்து வைக்கவேண்டும் என்று விடை கிடைக்கும். 1890இல் இவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்துதான் ஒளிக்கும் பிலிமின் கருமைக்கும் இடையிலான தொடர்பைக் காட்டும் வரைபு வந்தது. இன்றும் அது இவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது.

எம்மவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், அக்ரினோகிராப் என்பது ஒரு பஞ்சாங்கம். இன்ன மாதம் இன்ன மணிக்கு இன்ன இடத்தில் சூரியன் எங்கே நிற்கும் என்பதிலிருந்து அது ஒளியை ஊகிக்கிறது. ஒளியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எந்த அகலக்கோட்டுக்குச் செய்யப்பட்டதோ அந்த அகலக்கோட்டில்தான் அது செல்லும். இங்கிலாந்துக்காரனின் உருளையை ஒன்பதரைப் பாகையிலுள்ள யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தால் பஞ்சாங்கம் பிழைத்துவிடும்.

ஒளியை உண்மையிலேயே தொட்டுப் பார்த்த மலிவான கருவியைச் செய்தவர் அல்பிரட் வொட்கின்ஸ். ஹெரபோர்ட் நகரில் மதுவடிசாலையும் மாவரைக்கும் ஆலையும் நடத்திய குடும்பத்தில் 1855இல் பிறந்தவர். குடும்ப வியாபாரத்துக்காக ஊரூராகத் திரிந்தபோது படமெடுத்துப் பழகியவர். அவருடைய கருவியில் ஒளிபட்டாற் கறுக்கும் தாளொன்று சிறு சாளரத்தின் கீழ் இருக்கும். பக்கத்தில் அச்சடித்த ஒரு மாதிரி நிறம். தாளின் நிறம் மாதிரி நிறத்துக்கு வரும்வரை செக்கன்களை எண்ணவேண்டும். எண்ணுவதற்கென்று சில மாதிரிகளிற் சங்கிலியிலாடும் ஊசற்குண்டும் இருந்தது. எண்ணி வந்த தொகையை வட்டத்தட்டிற் பொருத்தினாற் கணக்கு முடிந்தது. பின்னர் வந்த பீ என்ற மாதிரி சட்டைப்பைக் கடிகாரமளவுதான். தேனீயைப் போலச் சிறியது, வேலைகாரன் என்று பெயர். தென்துருவம் நோக்கி 1910இற் புறப்பட்ட ஸ்கொற்றின் பயணத்தில் படப்பிடிப்பாளராகச் சென்ற ஹேர்பேர்ட் பொன்ரிங்கின் கையிலும் இது இருந்தது. வொட்கின்ஸ் பிற்காலத்தில், பழங்காலப் பாதைகள் எல்லாம் நேர்கோட்டிற் போயின என்று ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு அதற்காகவே அதிகம் பேசப்பட்டார். எமக்கு அவர் அந்தத் தாள்துண்டுக்காகவே முக்கியமானவர்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனித்துக்கொள்ளவேண்டும். வொட்கின்ஸின் தாளைப் படமெடுக்கப்படும் ஆள் நிற்குமிடத்தில், ஒளி வரும் பக்கம் பார்க்கப் பிடிக்கவேண்டும். அது அளப்பது அந்த ஆள்மேல் விழுகின்ற ஒளியை. ஆள் கறுப்பா வெள்ளையா, உடுத்திருப்பது வேட்டியா கோட்டா என்ற கேள்வி அதற்குக் கிடையாது. பௌதிகம் படித்தபோது படுகதிர், தெறிகதிர் என்று பாடமாக்கியது பலருக்கு ஞாபகமிருக்கும். (நாமும் அந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் இடைநடுவில் விட்டுவிட்டு வந்தவர்கள்தான்.) வொட்கின்ஸ் அளந்தது படுகதிரை.

இந்தக் கருவிகளின் குறை நேரம். இருண்ட தேவாலயமொன்றினுள் தாள் கறுப்பதற்கு நெடுநேரம் காத்திருக்கவேண்டும். இடையில், படிப்படியாக இருளும் கண்ணாடிகளின் ஊடாகப் பார்த்து, கடைசியாகத் தெரியும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளும் மலிவுக் கருவிகளும் வந்தன. அவை கண்ணை நம்பியவை. கண்ணைப் பற்றி மேலே சொல்லிவிட்டோம்.

திருப்பம் கடலடியிலிருந்து வந்தது. செலனியம் என்ற மூலகத்தை 1817இற் கண்டுபிடித்த பெர்சீலியஸ் நிலவின் கிரேக்கப் பெயரை அதற்கு வைத்திருந்தார். கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் வேலையிலிருந்த வில்லோபி ஸ்மித் என்ற பொறியியலாளருக்கு மின்தடை கூடிய பொருளொன்று தேவைப்பட்டது. செலனியக் குச்சிகளைப் பயன்படுத்தினார். அவை ஒரே அளவிற் காட்டாமல் தொல்லை கொடுத்தன. பெட்டியை மூடினால் தடை கூடுகிறது, திறந்தாற் குறைகிறது. ஒளியே காரணம் என்பதை 1873இல் அவர் அறிவித்தார். பேரரசு தன் குடியேற்ற நாடுகளுடன் பேசுவதற்குப் போட்ட கம்பியின் பழுதிலிருந்து வந்த கண்டுபிடிப்பு இது. அடுத்த சில வருடங்களில், செலனியம் ஒளிபட்டால் தானாகவே மின்னை உண்டாக்கும் என்பதும் தெரியவந்தது.

இதைக் கையடக்கமான கருவியாக்கிப் பரப்பியது அமெரிக்காவின் நியூவார்க் நகரிலிருந்த வெஸ்ற்றன் மின்கருவிக் கம்பனி. தொடக்கியவர் எட்வேர்ட் வெஸ்ற்றன், இங்கிலாந்தில் 1850இற் பிறந்து இருபது வயதிற் கப்பலேறியவர். புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் எட்வேர்ட் வெஸ்ற்றன் வேறு ஆள். இருவரையும் குழப்பி எழுதியவர்கள் உண்டு. கம்பனி 1932இல் தனது முதலாவது ஒளிமானியை வெளியிட்டது. செலனியத்தட்டில் ஒளி பட, சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அது ஊசியை அசைக்கிறது. காத்திருப்பும் எண்ணுதலும் போய்விட்டன. அதேகாலத்தில் ஜேர்மனியில் எர்லாங்கன் நகரின் கொசன் கம்பனியும் இதில் இறங்கியது.

பற்றறி தேவையில்லை என்பது இந்த மீற்றர்களின் பெரிய சிறப்பு. அதன் பெறுமதி எமது மாமாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1990இற்குப் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி வருவது தடைசெய்யப்பட்டு, சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில், அவருடைய ஸ்ரூடியோவிற் பழைய வெஸ்ற்றன் மாஸ்டர் ஒன்று வேலைசெய்துகொண்டிருந்தது. ஒளி இருந்தாற் போதும், ஊசி எழும்பும். 1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்தபோது அவர் கமராவை விட்டுவிட்டு மீற்றரை மட்டும் சாரத்து மடிப்பிற் செருகிக்கொண்டு வந்தார் என்று அம்மா சொல்வார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், கமரா பாரம் என்பாராம். அவ்வளவுதான் பதில்.

ஆனால் செலனியத்தின் வருகையோடு ஒரு பழக்கம் மாறிப்போனது. ஊசி உடனே விடை சொல்வதால், படமெடுப்பவர் தான் நிற்குமிடத்திலிருந்தே மீற்றரைக் காட்சியை நோக்கிப் பிடித்தார். இப்போது மீற்றர் அளப்பது பொருளிலிருந்து தெறித்து வரும் ஒளியை. அரைவாசி ஒளி வந்தால், அங்கே விழுந்ததே அரைவாசிதானா, அல்லது முழுதாக விழுந்து பொருள் அரைவாசியை விழுங்கிவிட்டதா என்று மீற்றருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே அது ஒன்றை எடுகோளாக வைத்துக்கொள்ளவேண்டும். எனக்கு முன்னாலிருப்பவை எல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்பதே அந்த எடுகோள். விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் சாம்பல் அட்டைகளைக் கடைகளில் விற்பது இதனால்தான். (பல மீற்றர்கள் அதைவிடச் சற்றுக் குறைந்த அளவுக்கே சரிசெய்யப்பட்டவை. அது வேறு சண்டை.) வெள்ளைப் பசுவைப் பனியில் நிறுத்தி இந்த மீற்றர் சொல்வதைக் கேட்டால் சாம்பற் பசு கிடைக்கும். கரிக்குவியலிற் கறுப்புப் பூனையை எடுத்தாலும் சாம்பற் பூனைதான்.

பதிவு அலுவலகக் கமராவுக்குள் இருந்ததும் இந்த மீற்றரின் பேரப்பிள்ளைதான். சட்டத்தின் பெரும்பகுதியை வெள்ளைச் சுவர் நிரப்பியிருந்தது. ஒளி கூடிவிட்டது, குறை என்று அது தனக்கே கட்டளையிட்டது. சுவரைச் சாம்பலுக்கு இறக்கியது. அதே அளவால் எமது முகத்தையும் இறக்கியது. வெளிறிய தோல்காரர் அதே சுவரின் முன் நின்றாலும் இறங்குவார், ஆனால் அவர் இறங்கி நிற்கும் படியிலும் கண்ணும் மூக்கும் தெரியும். நாம் தொடங்கிய படியே கீழே. அதற்குக் கீழே இருள்.

தெறிகதிரிலிருந்து மீண்டும் படுகதிருக்குத் திரும்பிய கதை ஹொலிவூட்டில் நடந்தது. டொன் நோர்வூட் என்பவர் மேசைப்பந்தைப் பாதியாக வெட்டியது போன்ற வெண்ணிறக் குமிழொன்றை மீற்றரின் தலையிற் பொருத்தி, 1940இற் காப்புரிமை பெற்றார். மனித முகமும் ஏறத்தாழ ஒரு அரைக்கோளம். முன்னாலும் பக்கங்களிலும் மேலிருந்தும் முகத்தில் விழும் ஒளி அவ்வளவையும் அந்தக் குமிழ் சேர்த்தெடுத்து ஓர் அளவாகச் சொல்லிவிடும். மீற்றரை முகத்தருகே கொண்டுபோய், குமிழைக் கமராவின் பக்கம் திருப்பிப் பிடிக்கவேண்டும்.

இந்த மீற்றரைத் தயாரித்துப் புகழடையச் செய்தவர்களில் ஒருவர் கார்ள் பிராய்ண்ட். இவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறோம். பொஹீமியாவில் 1890இற் பிறந்த யூதர். ஜேர்மனியின் மௌனப் படக் காலத்தில், 1927இல் வெளிவந்த மெற்ரோபொலிஸ் முதலான படங்களின் ஒளிப்பதிவாளர். 1929இல் அமெரிக்காவுக்குப் போனார். நாசிகளின் ஆட்சி வந்தபின், 1937இல் ஜேர்மனிக்குத் திரும்பிச் சென்று மகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். மணமுறிவு பெற்றிருந்த முன்னாள் மனைவி அங்கேயே தங்கினார். ரவென்ஸ்புறூக் வதைமுகாமில் அடைக்கப்பட்டு 1942இற் கொல்லப்பட்டார். மகளைக் கொண்டுவந்த அதே 1937இல் வெளியான த குட் ஏர்த் படத்துக்காகத்தான் பிராய்ண்டுக்கு ஒஸ்கார் கிடைத்தது. சீன விவசாயிகளின் கதை அது. முக்கிய பாத்திரங்களில் வெள்ளையர்கள் முகத்துக்குச் சாயம்பூசி நடித்தார்கள். 1944இல் அவர் போட்டோ றிசேர்ச் என்ற கம்பனியைக் கலிபோர்னியாவிற் தொடங்கினார். நோர்வூட்டின் குமிழ் அங்கிருந்து படப்பிடிப்புத் தளங்களுக்குப் பரவியது. பிற்பாடு ஜப்பானின் செக்கொனிக் கம்பனி அந்த வடிவத்தை எடுத்துப் பல பத்தாண்டுகள் உலகெங்கும் விற்றது.

படுகதிரை அளப்பது எவ்வளவு எளிய விடயம் என்பதை நாம் விளங்கிக்கொண்டது சமையலறையில். நாம் வேலைசெய்த உணவகமொன்றுக்குத் தொழிற்பாதுகாப்புப் பரிசோதகர் ஒருவர் வந்தார். பையிலிருந்து வெள்ளைத் தட்டுப் பதித்த சிறு மீற்றரை எடுத்து, நாம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பலகையில் வைத்தார். எம்மைச் சற்று விலகச் சொன்னார், எமது நிழல் விழுகிறதாம். ஐரோப்பியத் தரவிதிப்படி சமையலறை வேலைமேசையில் 500 லக்ஸ் இருக்கவேண்டும். எமது பலகையில் 190 இருந்தது. எத்தனையோ மாதங்கள் அந்த வெளிச்சத்தில் வெட்டி, விரலில் இரண்டு காயமும் வாங்கியிருந்தோம். ஒருநாளும் இருட்டென்று தோன்றியதில்லை, கண் பழகிவிட்டது. வெங்காயத்தின் நிறத்தை அவர் பார்க்கவில்லை. பலகையில் விழுவதைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். அடுத்த கிழமை புதுக்குழல் விளக்கு இரண்டு வந்தன.

அளவு சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவரவில்லை. வண்ணப் பிலிமே வெள்ளைத் தோலுக்கு இசைவாக வளர்க்கப்பட்டதுதான். 1950களிலிருந்து கொடாக் கம்பனி ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைப் பெண்ணொருத்தியின் படம் இருந்தது. முதல் பெண்ணின் பெயரால் ஷேர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் படம் சரி. கபில நிறங்களின் பேதங்கள் நன்றாக வரவேண்டும் என்று கம்பனியை நெருக்கியவர்களில், சொக்கிலேற்றுக்கும் மரத்தளபாடத்துக்கும் விளம்பரப் படமெடுத்தவர்கள் முன்னணியில் இருந்தார்கள் என்பதைக் கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் எழுதியிருக்கிறார். மனிதரை முந்திக்கொண்டு சொக்கிலேற் போய்ச் சேர்ந்துவிட்டது. கைத்தொலைபேசிக் காலத்திலும் இந்தக் கணக்கு முடியவில்லை. 2021இல் கூகிள் தனது புதிய தொலைபேசியை வெளியிட்டபோது, கருந்தோலைச் சரியாகக் காட்டும் என்பதையே ஒரு சிறப்பம்சமாகச் சொல்லவேண்டியிருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கறுப்பு முகத்தைத் தெளிவாக எடுக்க முடியாமலா இருந்தார்கள்? தேவைப்பட்ட இடத்தில் எடுத்தார்கள். தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சி கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் பாஸ் புத்தகம் வைத்திருக்கவேண்டுமென்று வற்புறுத்தியது. அவற்றுக்கான படங்களுக்குப் பொலரொயிட் கம்பனியின் அடையாள அட்டைக் கமரா பயன்பட்டது. பளிச்சொளியின் வலிமையைக் கூட்டுவதற்கென்று அதில் ஒரு பொத்தானும் இருந்தது. 1970இல் அமெரிக்காவில் அந்தக் கம்பனியில் வேலைசெய்த கரோலின் ஹன்ரர், கென் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளர் இருவர் தற்செயலாக இதைக் கண்டுபிடித்து எதிர்ப்பு இயக்கமொன்றைத் தொடங்கினார்கள். ஹன்ரர் வேலையை இழந்தார். ஏழு வருடப் போராட்டத்தின் பின் 1977இற் கம்பனி தென்னாபிரிக்காவை விட்டு வெளியேறியது. முகம் தெரியாத அட்டையோடு ரயிலில் விழித்த எமக்கு இதைப் படித்தபோது சற்றுநேரம் ஒன்றும் ஓடவில்லை. சோதனைச்சாவடியில் முகம் தெளிவாகத் தெரிந்த அட்டையோடு நின்றவர்களும் எம்மில் இருக்கிறார்கள்.

படமெடுக்கும் இளையவர்களுக்குச் சில வார்த்தைகள். குமிழுள்ள மீற்றர் கிடைத்தால், படமெடுக்கப்படுபவரின் நாடிக்குக் கீழே பிடித்து, குமிழைக் கமராவுக்குக் காட்டுங்கள். உங்கள் நிழலோ தொப்பியின் நிழலோ குமிழில் விழக்கூடாது. பழைய கொசன் லூனாசிக்ஸ் போன்றவற்றைச் சந்தையில் வாங்கினால் பற்றறியில் அவதானம் தேவை. அவை 1.35 வோல்ற் பாதரசப் பற்றறிக்குச் செய்யப்பட்டவை. அந்தப் பற்றறி இப்போது தடை. 1.5 வோல்ற் போட்டால் அளவு பிழைக்கும். குமிழ் இல்லாத, தெறிகதிர் மீற்றர்தான் இருக்கிறதென்றால், முகத்தையோ சுவரையோ அளக்காமல், முகத்தில் விழும் அதே ஒளியில் உங்கள் உள்ளங்கையைப் பிடித்து அதை அளவுங்கள். பின்னர் ஒரு ஸ்ரொப், அதாவது இரட்டிப்பு ஒளி, கூட்டிக் கொடுங்கள். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு வெளிறியது. புறங்கைகள் எவ்வளவு வேறுபட்டாலும் மனிதரின் உள்ளங்கைகள் அவ்வளவு வேறுபடுவதில்லை. பாத்திரம் கழுவுகிறவர்கள் மட்டும் வேலை முடிந்து கையை நன்றாக உலரவிட்டு அளப்பது நல்லது. ஆளைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னால் கொண்டுவந்து, யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

மாமாவின் வெஸ்ற்றன் இப்போது எம்மிடம் இருக்கிறது. ஈரமும் வயதும் செலனியத்தைத் தின்றுவிடும் என்பார்கள். அப்படியே ஆகியிருக்கிறது. நண்பரொருவரின் புது மீற்றரோடு வைத்துப் பார்த்தபோது, வெயிலில் ஒன்றரை ஸ்ரொப் குறைத்துக் காட்டுகிறது, அறைக்குள் இரண்டுக்கு மேல். அந்தக் கணக்கை ஒரு சிறு தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டி வைத்திருக்கிறோம். போன மாதம் அம்மாவின் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கவேண்டி வந்தபோது, படத்தைக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்றார்கள். அம்மாவைச் சமையலறை யன்னலோரம் இருத்தி, நாடிக்குக் கீழே மீற்றரைப் பிடித்தோம். அது மாமாவின்ரையோ என்று கேட்டார். ஓமென்றோம். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதுகில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, இது என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார்.